உறுப்பினர் மட்டும் நுழைந்த கதவு: சிகாகோவில் ஒரு பழைய கிளப் ஹோட்டலான விதம்

சிகாகோவின் மிச்சிகன் அவென்யூவில், தெற்குப் பக்கம் 12-ஆம் எண் கட்டடத்தின் முதல் மாடியில் ஒரு நீளமான கூடம் இருக்கிறது. கருத்த மரச் செதுக்கு வேலைகள், கணப்புகள், உட்கார்ந்தால் ஆள் உள்ளே அமிழ்ந்துபோகும் சோபாக்கள், தெருவைப் பார்த்த உயரமான சன்னல்கள். 'டிராயிங் ரூம்' என்று பெயர். அந்த ஹோட்டலில் நான் இரண்டு இரவு தங்கினேன். அறையில் இருந்ததைவிட அந்தக் கூடத்தில் இருந்த நேரம்தான் அதிகம்.

முதல் நாள் சாயங்காலம் ஒரு காபியோடு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். ஒரு மாணவி மடிக்கணினியில் ஏதோ கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். எதிரே இருக்கும் மில்லேனியம் பூங்காவைச் சுற்றிவிட்டு வந்த ஒரு குடும்பம், குழந்தையின் ஈரக் காலுறையைக் கழற்றிக் கணப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தது. ஒரு வயதானவர் பேத்திக்குக் கூரையைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இவர்களில் பலர் அந்த ஹோட்டலில் தங்குகிறவர்களே இல்லை. யாரும் அவர்களிடம் வந்து 'நீங்கள் யார், எந்த அறை' என்று கேட்கவில்லை.

இது சாதாரணக் காட்சிதானே என்று தோன்றலாம். ஆனால் நூறு ஆண்டுக்கும் மேலாக அந்தக் கூடத்தில் உறுப்பினரும் அவர் அழைத்துவந்த விருந்தினரும் மட்டுமே உட்கார முடிந்தது. கட்டடத்தின் பெயர் இன்றைக்கும் 'சிகாகோ அத்லெடிக் அசோசியேஷன்'. 1893-இல் திறந்து, 2007-இல் மூடி, 2015-இல் 241 அறைகள் கொண்ட ஹோட்டலாக மறுபடியும் திறந்தது. பழைய கிளப்கள் எப்படி ஹோட்டலாகின்றன, அதில் எது பிழைக்கிறது, எது போய்விடுகிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல கட்டடம் எனக்குத் தெரியவில்லை.

'கிளப்' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் ஒரு காலத்தில் 'காபி கிளப்' என்றால் சிற்றுண்டிக் கடை. 'ஹோட்டல்' என்றாலும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது சாப்பாடுதான். இங்கே பேசுவது அந்தக் கிளப் இல்லை. சந்தா கட்டி, ஏற்கெனவே உள்ள உறுப்பினர்கள் சரி என்று சொன்னால் மட்டுமே சேர முடிகிற தனியார் சங்கம். அதிலும் இது விளையாட்டுக் கிளப். அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டும் தொழில்முறை அணிகளும் இன்றைய அளவுக்கு வளராத காலத்தில், நகரங்களில் விளையாட்டைப் பெரிய அளவில் நடத்தியவை இந்தக் கிளப்கள்தாம். நியூயார்க் அத்லெடிக் கிளப் 1868-இல் தொடங்கியது. சிகாகோக்காரர்கள் 1890-இல் தங்களுக்கு ஒன்று தொடங்கினார்கள். பல்பொருள் அங்காடியால் பெரும் பணக்காரரான மார்ஷல் ஃபீல்ட், விளையாட்டுச் சாமான் உற்பத்தியாளர் ஆல்பர்ட் ஸ்பால்டிங், அறுவடை இயந்திரத்தால் பேர் வாங்கிய மெக்கார்மிக் குடும்பத்தவர் என்று ஊரின் பணம் முழுக்க அதற்குப் பின்னால் நின்றது.

பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று மட்டும் இதை ஒதுக்கிவிட முடியாது, விளையாட்டு வரலாற்றிலும் இவர்களுக்கு இடம் உண்டு. 1892-இல் இந்தக் கிளப்பின் கால்பந்து அணியில் ஆடிக்கொண்டிருந்தவர் வில்லியம் ஹெஃபல்ஃபிங்கர். அமெரிக்கக் கால்பந்தைச் சொல்கிறேன், நம்முடையது இல்லை. அந்த நவம்பர் 12-ஆம் தேதி பிட்ஸ்பர்க் பக்கத்து அலெகனி அணி ஒரே ஒரு ஆட்டத்துக்காக அவருக்கு 500 டாலர் கொடுத்தது. ஆட்டத்துக்குச் சம்பளம் வாங்கியதாகக் கணக்கில் பதிவான முதல் அமெரிக்கக் கால்பந்து வீரர் அவர்தான். 1904-இல் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் நான்கு மைல் குழு ஓட்டத்தில் மோதியவை இரண்டு நாடுகள் இல்லை, இரண்டு கிளப்கள்: நியூயார்க்கும் சிகாகோவும். புள்ளி குறைந்தவருக்கு வெற்றி. நியூயார்க் 27, சிகாகோ 28. ஒரு புள்ளியில் தங்கம் போயிற்று. சிகாகோ அணியில் ஓடிய ஜேம்ஸ் லைட்பாடி அதே ஒலிம்பிக்கில் தனியாக மூன்று தங்கம் வாங்கியவர்.

கட்டடத்துக்கு வருவோம். வடிவமைத்தவர் ஹென்றி ஐவ்ஸ் கோப். சிகாகோ பல்கலைக்கழகத்தின் முதல் கட்டடங்களையும் நியூபெரி நூலகத்தையும் வரைந்தவர். கிளப்புக்கு அவர் எடுத்துக்கொண்ட மாதிரி வெனிஸ் நகரத்து டோஜே மாளிகை. கூர்மையான வளைவுகள், அவற்றுக்கு மேல் நான்கிதழ்ப் பூப்போலத் துளையிட்ட கல்வேலை. நீர் நடுவில் நிற்கும் இத்தாலிய அரண்மனை சிகாகோவுக்கு ஏன்? 1893-இல் அந்த ஊரில் நடந்த உலகக் கண்காட்சியை நினைத்துப் பார்த்தால் காரணம் புரியும். மே முதல் அக்டோபர் வரை ஏறக்குறைய 2 கோடியே 70 லட்சம் வருகைகள் அந்தக் கண்காட்சியில் பதிவாயின. 22 ஆண்டுக்கு முன் பெருந்தீயில் எரிந்த ஊர், 'பார், நாங்களும் உலக நகரம்தான்' என்று காட்டத் துடித்த நேரம் அது. கண்காட்சியின் வெள்ளை மாளிகைகள் தற்காலிகமாகக் கட்டியவை, அநேகமாக எல்லாம் போய்விட்டன. கிளப் நிலைக்கக் கட்டியது, அதனால் நிற்கிறது. ஹோட்டலின் விழாக்கூடம் ஒன்றுக்கு இன்றும் 'ஒயிட் சிட்டி' என்று அந்தக் கண்காட்சியின் செல்லப் பெயர்தான்.

இதே தெருவில், இதே 1893-இல், செப்டம்பர் 11-ஆம் தேதி சுவாமி விவேகானந்தர் சர்வ சமய மாநாட்டில் பேசினார். அந்த மண்டபம் இருந்த கட்டடம்தான் இன்றைய ஆர்ட் இன்ஸ்டிடியூட். கிளப்பிலிருந்து தெற்கே சில நிமிட நடை. அவரை அனுப்பி வைக்கச் சென்னையில் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் வீடு வீடாகப் போய்ப் பணம் சேர்த்ததை நாம் படித்திருக்கிறோம். காலையில் அந்த வழியாக நடந்தபோது எனக்கு அந்த நினைவு வந்தது. உலகத்தின் எல்லாச் சமயத்தாரையும் ஒரே மேடையில் உட்கார வைத்த தெருவிலேயே, உறுப்பினர் அட்டை இல்லாதவரை உள்ளே விடாத கதவும் அதே ஆண்டில் திறந்தது.

கிளப் கட்டடங்கள் ஹோட்டலாக மாறுவது ஏன் இவ்வளவு பொருந்தி வருகிறது? இதைப் பலரும் யோசிப்பதில்லை. பழைய அலுவலகக் கட்டடத்தையோ தேவாலயத்தையோ ஹோட்டலாக்குவது பெரிய பாடு. அலுவலகத் தளம் அகலமாக இருக்கும், நடுப்பகுதிக்கு வெளிச்சம் எட்டாது. தளத்துக்கு இரண்டு கழிப்பறைதான் இருக்கும், அறைக்கு அறை குழாய் இழுக்க வேண்டும். தேவாலயம் ஒரே பெரிய வெளி, அதற்குள் அறைகளைத் தடுத்தால் அதன் அழகே போய்விடும்.

நகரத்துக் கிளப்போ பிறக்கும்போதே பாதி ஹோட்டல். வெளியூரிலிருந்து வந்த உறுப்பினர் தங்க வேண்டும், வீட்டுக்குப் போக நேரமாகிவிட்டவர் படுக்க வேண்டும், திருமணமாகாத சிலர் வருடக் கணக்கில் அங்கேயே குடியிருக்கவும் செய்வார்கள். ஆகவே மேல் தளங்களில் சன்னல் வைத்த சின்னப் படுக்கையறைகள். கீழ்த் தளங்களில் உயரக் கூரை போட்ட சாப்பாட்டுக் கூடம், நூலகம், சீட்டாட்ட அறை. இடையில் எங்காவது உடற்பயிற்சிக்கூடமும் நீச்சல் குளமும். நூற்றுக்கணக்கானவருக்குச் சமைக்கும் அடுக்களை, துணி வெளுக்க இடம், முடி திருத்த இடம், வேலையாட்களுக்குத் தனிப் படிக்கட்டு. ஹோட்டலுக்கு வேண்டிய எல்லாமே ஏற்கெனவே அந்தந்த இடத்தில் இருக்கின்றன. தீயணைப்புக் குழாயும் புது லிஃப்டும் குளிர்சாதனமும் போட்டு, சின்ன அறைகளைச் சேர்த்துக் குளியலறை கட்டினால் உருவம் கெடாமல் மாறிவிடும். இந்தக் கட்டடத்துக்குப் பின்னால் மேடிசன் தெருவைப் பார்த்து 1907 வாக்கில் ஓர் இணைப்புக் கட்டடமும் எழுந்தது. அதனால்தான் இன்றைக்கு 241 அறைகளுக்கு இடம் இருக்கிறது.

சரி, இவ்வளவு பணமும் பெருமையும் இருந்த கிளப் ஏன் மூடியது? ஒரே நாளில் நடந்ததில்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு வசதியுள்ளவர்கள் நகர மையத்தை விட்டுப் புறநகருக்குப் போனார்கள். வேலை முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புகிறவருக்குக் கிளப் சாப்பாடு எதற்கு? நீச்சலும் உடற்பயிற்சியும் வேண்டுமென்றால் தெருவுக்குத் தெரு ஜிம் வந்துவிட்டது. அங்கே சேர யாருடைய சிபாரிசும் வேண்டியதில்லை.

அப்புறம் வரி. 1993-இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டப்படி, கிளப் சந்தாவைத் தொழில் செலவாகக் காட்டி வரியில் கழிப்பது அடுத்த ஆண்டிலிருந்து நின்றுபோனது. தொழில் விருந்துச் செலவில் கழிக்க முடிந்ததும் 80 சதவீதத்திலிருந்து 50-க்கு இறங்கியது. பல உறுப்பினர்களின் சந்தாவைக் கட்டியது அவர்கள் வேலை பார்த்த நிறுவனம்தான் என்பதை நினைத்தால், இது எவ்வளவு பெரிய அடி என்று புரியும். செலவோ குறையவில்லை. நூறு வயதுக் கட்டடத்தில் கூரை ஒழுகும், கொதிகலன் கெடும், நீச்சல் குளத்துச் சுவர் கசியும்.

இவற்றோடு காலம் கேட்ட ஒரு கேள்வியும் சேர்ந்துகொண்டது: யாரை வெளியே நிறுத்துகிறாய்? இந்தக் கிளப்பில் பெண்கள் உறுப்பினராக 1972 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் பல பெரிய கிளப்கள் யூதர்களையும் கறுப்பின மக்களையும் சேர்த்துக்கொள்ளவில்லை. சிகாகோவின் யூதர்கள் 1869-இலேயே 'ஸ்டாண்டர்ட் கிளப்' என்று தங்களுக்கெனத் தனியே ஒன்று வைத்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். 1988-இல் நியூயார்க் கிளப்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னது. 400 பேருக்கு மேல் உறுப்பினரோடு, தவறாமல் சாப்பாடு போட்டு, உறுப்பினர் அல்லாதவர்களின் தொழில் பணத்தையும் வாங்குகிற இடத்தை முழுக்கத் தனியார் வீடு மாதிரி பார்க்க வேண்டியதில்லை, பாகுபாட்டைத் தடுக்கும் நகரச் சட்டம் அதற்கும் செல்லும் என்பதே அதன் சாரம். நியாயமான தீர்ப்பு. தொழில் பேச்சு நடக்கிற மேசைக்கு ஒருவரை வரவிடாமல் செய்வது, அவருடைய தொழிலையே மறிப்பதுதான்.

2007-இல் கிளப் மூடியதும் கட்டடத்தின் ஆபத்தான ஆண்டுகள் தொடங்கின. இங்கேதான் நாம் கூர்ந்து பார்க்க வேண்டிய விஷயம் இருக்கிறது. எதிரே ரயில் பாதையும் கார் நிறுத்தமுமாகக் கிடந்த இடம் 2004-இல் மில்லேனியம் பூங்காவாகிவிட்டது. மும்பையில் பிறந்த அனிஷ் கபூர் செய்த பளபளக்கும் எஃகுச் சிற்பம் அங்கேதான் இருக்கிறது. நிலத்தின் மதிப்பு எங்கோ போயிற்று. அந்த மாதிரி இடத்தில், பழைய கட்டடத்தின் முன்சுவரை மட்டும் நிற்கவிட்டு உள்ளே எல்லாவற்றையும் இடித்துப் புதுக் கோபுரம் எழுப்புவது கட்டுமானக்காரர்களுக்குப் பழகிய வழி. தெருவில் நின்று பார்த்தால் பழைய கட்டடம், உள்ளே போனால் வெறும் புதுச் சுவர்.

மிச்சிகன் அவென்யூவின் இந்த வரிசை முழுவதையும் சிகாகோ நகரம் 2002-இல் பாரம்பரியப் பகுதியாக அறிவித்திருந்தது. ஆனால் அப்படி ஒரு பகுதியை அறிவிக்கும்போது காக்கப்படுவது பெரும்பாலும் தெருவிலிருந்து தெரிகிற வெளிப்புறம்தான். உள்ளே இருக்கும் செதுக்கு மரமும் மொசைக் தரையும் வண்ணக் கண்ணாடியும் அந்தச் சட்டத்தின் கைக்கு எட்டுவதில்லை. அப்படியானால் உள்ளறைகளைக் காப்பது எது?

வரிச் சலுகைதான். அமெரிக்க மத்திய அரசு, தேசிய அளவில் அங்கீகரித்த பழைய கட்டடத்தை முறையாகப் புதுப்பித்து வருமானம் தரும் காரியத்துக்குப் பயன்படுத்தினால், தகுதியுள்ள செலவில் 20 சதவீதத்தை உரிமையாளர் வரியிலேயே நேரடியாகக் கழித்துக்கொள்ள விடுகிறது. 10 கோடி டாலர் செலவழித்தால் 2 கோடி திரும்பி வந்த மாதிரி. ஆனால் நிபந்தனைகள் கடுமை. கட்டடத்தின் கணக்கு மதிப்பைவிடக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டும். வேலை முடிந்து 5 ஆண்டுக்குள் விற்றால் சலுகையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், பழைய கட்டடங்களையும் கவனித்துக்கொள்ளும் தேசியப் பூங்காத் துறையின் ஆட்கள் வரைபடத்தைப் பார்த்து ஒப்ப வேண்டும். அவர்கள் வெளிச்சுவரோடு நிற்பதில்லை, உள்ளே வருவார்கள். பெரிய கூடம், படிக்கட்டு, நடைவழி போன்ற முக்கிய இடங்களின் உருவத்தை மாற்றினால் சலுகை கிடையாது.

சிகாகோ இருக்கும் குக் கவுன்டியில் சொத்து வரியிலும் ஒரு வழி உண்டு. வணிகக் கட்டடத்துக்கு வழக்கமாக மதிப்பில் 25 சதவீதத்தை அடிப்படையாக வைத்து வரி போடுவார்கள். பாரம்பரியக் கட்டடத்தை அதன் மதிப்பில் பாதியாவது செலவிட்டுப் புதுப்பித்தால், 10 ஆண்டுகளுக்கு அந்த அடிப்படை 10 சதவீதமாகிறது. பிறகு 11-ஆம் ஆண்டு 15, 12-ஆம் ஆண்டு 20 என்று ஏறும். இந்த இரண்டையும் கூட்டிப் பார்த்தால், இடித்துக் கட்டுவதைவிடக் காப்பாற்றுவது கணக்குக்கு ஒத்து வரும். முகப்பைக் காத்தது சட்டம், உள்ளே இருக்கிறதைக் காக்க வைத்தது கணக்குப் புத்தகம் என்றே எனக்குத் தோன்றுகிறது. இரண்டில் ஒன்று இல்லாத ஊர்களில் நல்ல நல்ல கட்டடங்கள் நம் கண் முன்னே போகின்றன. ஆசையும் ஏக்கமும் மட்டும் ஒரு தூணைக்கூட நிறுத்தி வைப்பதில்லை.

2012-இல் கை மாறி, 2015 மே மாதம் ஹோட்டல் திறந்தது. உள் அலங்காரத்தைச் செய்தவர்கள் நியூயார்க்கின் 'ரோமன் அண்ட் வில்லியம்ஸ்'. பொதுக் கூடங்களில் இருந்ததைச் சுத்தம் செய்து, விட்டுப்போனதை இட்டு நிரப்பினார்கள். அறைகள் வேறு கதை. அங்கே பழையது அதிகம் மிஞ்சியிருக்கவில்லை, கிளப்பின் நினைவைச் சாமான்களில்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. என் கட்டிலின் கால்மாட்டில் ஒரு தோல் பெஞ்ச் இருந்தது. முதலில் சும்மா பெட்டி வைக்கிற இடம் என்று நினைத்தேன். விளக்கைப் போட்டுப் பார்த்தால், ஜிம்னாஸ்டிக்ஸில் கை ஊன்றிச் சுழல்வார்களே, அந்தக் குதிரைப் பீடத்தின் வடிவம். தையல் போட்ட பழுப்புத் தோல், உட்கார்ந்து காலணி கழற்றச் சரியான உயரம். அலமாரியில் தொங்கிய குளியல் அங்கி, குத்துச்சண்டை வீரர் மேடைக்கு வரும்போது போட்டுக்கொள்வது போல. இதெல்லாம் புதிதாகச் செய்த பாவனைதான். ஆனால் பழசு போல நடிக்கவில்லை, பழசை ஞாபகப்படுத்துகிறது. எனக்குப் பிடித்திருந்தது.

முதல் மாடியில் 'கேம் ரூம்' இருக்கிறது. பில்லியர்ட்ஸ் மேசைகள், இத்தாலியர்கள் பந்து உருட்டி ஆடும் போச்சேக்கு ஒரு நீளப் பாதை. ராத்திரி ஆனால் நிற்க இடமில்லை. சில அடி தள்ளி, எட்டே பேர் உட்காரும் 'மில்க் ரூம்' என்ற சின்ன மது அறை. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தபோது, உறுப்பினர்கள் 'பால்' குடிக்கப் போன இடம் அதுதான் என்று சொல்வார்கள். கிளப்பின் அடையாளம் சிவப்பு வட்டத்துக்குள் ஒரு சி எழுத்து, 'செர்ரி வட்டம்' என்பார்கள். சிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணியின் சின்னம் அதைப் பார்த்து வந்தது என்றும் ஊரில் ஒரு பேச்சு உண்டு. அணியை வைத்திருந்த சூயிங்கம் முதலாளி ரிக்லி இந்தக் கிளப்பின் உறுப்பினர்.

எனக்கு வருத்தம் தந்தது நீச்சல் குளம். தண்ணீரை வடித்து, மேலே தளம் போட்டு, 'டாங்க்' என்ற பெயரில் விருந்து நடத்தும் இடமாக்கிவிட்டார்கள். சுவரின் ஓடுகள் மட்டும் மிச்சம். விளையாட்டுக்காகவே பிறந்த வீட்டில் தண்ணீர் வற்றியது மனசுக்குச் சரியாகப்படவில்லை.

அதற்கு மாறான ஒன்று அதே தெருவில், ஆற்றைத் தாண்டி வடக்கே நிற்கிறது. 505-ஆம் எண், இன்றைய இன்டர்கான்டினென்டல். 1929-இல் ஷ்ரைனர்கள் என்ற சகோதர அமைப்பு, 'மெடினா அத்லெடிக் கிளப்' என்று கட்டிய 42 மாடிக் கோபுரம். கட்டடக் கலைஞர் வால்ட்டர் ஆல்ஷ்லாகர். உச்சியில் தங்க நிறக் குவிமாடம், முகப்பில் எகிப்து, மெசபடோமியா ஆள்களின் பெரிய கல் உருவங்கள். 23-ஆம் தளத்தில் நீரோடை சகிதம் உள்ளரங்க மினி கோல்ஃப் மைதானம் வேறு இருந்ததாம். திறந்த அதே ஆண்டு அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தது. 1934-இல் கிளப் திவால். 1944-இல் ஹோட்டலானது. அப்புறம் பல பெயர்கள், பல முதலாளிகள்.

அதன் 14-ஆம் தளத்தில் ஒரு நீச்சல் குளம். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. அப்படி நூற்றுக்கணக்கான டன்னைத் தெருவுக்கு மேலே அவ்வளவு உயரத்தில் 1929-இல் தூக்கி வைத்திருக்கிறார்கள். குளத்தைச் சுற்றிலும் நீல ஸ்பானிஷ் ஓடுகள், ஒரு சுவரில் கடல் தேவன் நெப்டியூனின் நீரூற்று. பின்னாளில் டார்ஸானாக நடித்த ஜானி வைஸ்முல்லர் இங்கே பயிற்சி செய்திருக்கிறார். 1924, 1928 ஒலிம்பிக்குகளில் நீச்சலில் ஐந்து தங்கம் வாங்கியவர். கிளப் போய் ஹோட்டலாகி எத்தனை பெயர் மாறினாலும் அந்தக் குளம் குளமாகவே இருந்தது, தங்குகிறவர்கள் அதில் இறங்கி நீந்தினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றுவதைவிட, தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றிப் புழங்குவதுதான் ஒரு குளத்துக்கு நல்ல மரியாதை.

மற்ற ஊர்களிலும் இப்படி உண்டு. சியாட்டிலில் தங்க வேட்டைக்கு வடக்கே போய்த் திரும்பியவர்கள் 1916-இல் கட்டிய ஆர்க்டிக் கிளப் இப்போது ஹோட்டல். அதன் சுவரைச் சுற்றி, வால்ரஸ் என்ற கடல் விலங்கின் 27 தலைச் சிற்பங்கள் தந்தத்தோடு எட்டிப் பார்க்கும். சிங்கப்பூரில் ஃபுல்லர்டன் ஹோட்டல் 1928-இல் தலைமைத் தபால் நிலையமாகத் திறந்தது. தபால் எழுதப் போன நம்மவர்கள் கீழ்த் தளத்தோடு திரும்பினார்கள். ஐரோப்பியர்களின் சிங்கப்பூர் கிளப் மாடியில் இருந்தது.

நீங்கள் போய்த் தங்குவதாக இருந்தால் சில விஷயம். அமெரிக்காவில் தரைத்தளத்தையே ஒன்றாம் தளம் என்பார்கள், அங்கே இரண்டு என்றால் நமக்கு முதல் மாடி. பழைய கட்டடத்தில் ஓர் அறை போல இன்னோர் அறை இருக்காது. ஒரே விலைக்கு ஒன்று பூங்காவைப் பார்க்கும், ஒன்று உள்முற்றத்துச் சுவரைப் பார்க்கும். முன்பதிவு செய்யும்போதே மிச்சிகன் பக்கமா, மேடிசன் பக்கமா, சன்னல் எதைப் பார்க்கிறது என்று கேட்டுவிடுங்கள். மொட்டை மாடியில் உணவகம் இருப்பதால் உயரத் தளங்களில் இரவுச் சத்தம் வருமா என்றும் கேளுங்கள். அறை வாடகைக்கு மேல் தினப்படிக் கட்டணம் என்று ஒன்று சேர்ப்பது அந்நாட்டு நகர ஹோட்டல்களில் சகஜம். அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். முடிந்தவரை லிஃப்டை விட்டுப் படிக்கட்டில் இறங்குங்கள், கட்டடம் அப்போதுதான் புரியும். தங்கப் பணம் போதாதென்றால் ஒரு காபிக்கு மட்டும் போய் உட்காருங்கள், அது போதும்.

ஒரே ஒரு குறை எனக்கு உண்டு. சுவர்களில் பழைய வீரர்களின் படங்களும் கோப்பைகளும் நிறைய. அந்தக் கூடங்களில் தட்டு ஏந்தியவர்கள், குளத்தோரம் துண்டு கொடுத்தவர்கள், உறுப்பினராக விண்ணப்பிக்கவே முடியாதவர்கள், இவர்களைப் பற்றி நான் பார்த்தவரை ஒரு வரிகூட இல்லை. ஹோட்டல் வந்தவரைக் கதவைத் திறந்து வரவேற்கிறது, சந்தோஷம். அந்தக் கதவு யாருக்கெல்லாம் மூடியிருந்தது என்று படிக்கட்டு ஓரத்தில் ஒரு பலகை வைத்தால் அதன் அருமை இன்னும் கூடும். அதற்குப் பெரிய செலவும் ஆகாது.

கிளம்புகிற அன்று காலை, அறைச் சாவியைக் கொடுத்துவிட்டு மறுபடி அந்தக் கூடத்துக்கு ஏறிப் போனேன். முந்தின நாள் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில், உணவு டெலிவரிப் பையை முதுகில் மாட்டிய ஓர் இளைஞர் உட்கார்ந்து, போனை மின்செருகியில் சொருகிவிட்டு, அவசரமில்லாமல் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார்.